இடது கழுத்தில் ரத்தத்தின் வேகம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. தொழிற்சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் என் இடது கையில் ரத்த அழுத்தம் காட்டவில்லை.
2. கருவி பழுது என்று நினைத்தோம். வேறு கருவி கொண்டுவந்தார்கள். அதிலும் காட்டவில்லை.
3. இடது மணிக்கட்டில் நாடியே இல்லை என்று தெரிந்தது. எவ்வளவு காலமாக இல்லை என்று யாருக்கும் தெரியாது.
4. தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார்கள்.
5. நோய்க்குப் பெயர் சொன்னார்கள். மாத்திரை தொடங்கியது.
6. கழுத்துக்கும் கைக்கும் டாப்ளர் ஸ்கேன், முதல் முறை.
7. டாப்ளர் ஸ்கேன், இரண்டாம் முறை. அதன் முடிவை நானே படித்து வீட்டில் சொன்னேன்.
8. அம்மா கோயிலில் நன்றி செலுத்தினார்.
9. நான் படித்தது தப்பு என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.
10. டாப்ளர் ஸ்கேன், மூன்றாம் முறை.

இதில் ஏறக்குறைய ஒரு வருடம் அடங்கியிருக்கிறது. இது தொண்ணூறுகளின் பின்பாதி, எனக்கு இருபத்தாறு வயது. இதே நோயோடு இருக்கும் வேறு பெண்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். அந்த ஸ்கேன் அறைகளுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது தமிழில் யாராவது இதை எழுதிவைத்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

நான் கருவியியல் படித்தவள். ஓசூர் ரோட்டில் இரும்பு வார்ப்படம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் வேலை. இரும்பை உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. மேலே கிரீஸ் தடவி, ஒரு சிறு குமிழை வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்புவோம். அது அடிப்பக்கம் வரை போய் மோதித் திரும்பும். திரையில் ஒரு கூர்முனையாகத் தெரியும். அந்த முனை உயரமாக இருந்தால் இரும்பு நல்ல இரும்பு. நடுவில் இன்னொரு முனை வந்தால் விரிசல். அந்த இடத்தில் சிவப்பு சாக்பீஸால் வட்டம் போட்டு அனுப்பிவிடுவேன். மறுவேலைக்கோ உருக்குவதற்கோ போய்விடும்.

கருவிகள் பழுதாவது எனக்குப் பழகியது. ஆகவே, தொழிற்சாலை டிஸ்பென்சரியில் சிஸ்டர் என் இடது கையில் பட்டையைச் சுற்றி இரண்டு முறை காற்றடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கியபோது எனக்குக் கவலை வரவில்லை.

"கைய மடக்காத, நேரா வை."

"நேராத்தான் சிஸ்டர் வச்சிருக்கேன்."

"அப்போ மெஷின் கெட்டுப்போச்சு."

"வலது கையில வச்சுப் பாருங்க. அங்க காட்டுச்சுன்னா மெஷின் சரின்னு அர்த்தம்."

வலது கையில் காட்டியது. அலுவலகத்திலிருந்து வேறு கருவி வந்தது, அதிலும் அப்படியே. சிஸ்டர் பட்டையைக் கழற்றாமல் என் மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ உக்காரு. டாக்டர் வரட்டும்," என்றார். அதுவரை 'அடுத்தவங்க வாங்க' என்று விரட்டிக்கொண்டிருந்தவர்.

யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் இருந்தன. துணி உலர்த்தக் கையைத் தூக்கினால் இடது கை சீக்கிரம் சோர்ந்துவிடும். பின்னல் போட்டு முடிப்பதற்குள் இரண்டு முறை கையை இறக்குவேன். அம்மாவிடம் சொன்னபோது, "பஸ்ஸுல தொங்கிட்டு போற கை, வலிக்காம என்னா செய்யும்," என்றார். விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறவளுக்கு அது சரியான காரணமாகவே தெரிந்தது.

தொடை வழியாகப் படம் எடுத்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மருந்து உள்ளே போகும்போது உடம்பெல்லாம் சுடுகிறது. அது சில நொடிதான். பிறகு தொடையில் மணல் மூட்டை வைத்து, காலை மடக்கக் கூடாது என்று சொல்லி மல்லாக்கப் படுக்கவைத்துவிடுகிறார்கள். வின்சென்ட் அண்ணன் சிட்டி பஸ்ஸில் கண்டக்டர். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு நேராக வந்தவர், தோசையைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினார்.

"கண்டக்டர் கையி. சில்லறை வாசன வரும், பொறுத்துக்கோ."

"கைய கழுவுனியா இல்லயா?"

"கழுவுனேன். இருபது வருஷ வாசன போவுமா?"

அவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

நோயின் பெயர் டக்காயாசு ஆர்ட்டரைட்டிஸ். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, அதிலும் நம் பக்கத்துப் பெண்களுக்கு வருவது. உடம்பின் காவல் படை தவறாகத் தன் சொந்தப் பெரிய ரத்தக்குழாய்களையே தாக்குகிறது. குழாயின் சுவர் வீங்கித் தடிக்கிறது. உள்ளே வழி குறுகுகிறது. ஏன் வருகிறது என்று தெரியாது. என் இடது கைக்குப் போகும் குழாய் கிட்டத்தட்ட மூடியிருந்தது. பக்கத்தில் முளைத்த சிறு கிளைகள் வழியாகக் கைக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

என்னைக் கவனித்த டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, கன்னடக்காரர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார். "கை விஷயம் விடுங்க. கைக்கு வேற ரூட் இருக்கு," என்றார். பிறகு என் கழுத்தின் இடது பக்கத்தில் இரண்டு விரலை வைத்தார். "இதுதான் எனக்கு யோசனை. இது மூளைக்குப் போற ரத்தக்குழாய். இங்கயும் சுவர் கொஞ்சம் தடிச்சிருக்கு. இப்போதைக்கு வழி இருக்கு. இது அடைஞ்சா பக்கவாதம் வரலாம். கண்ணு போகலாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே கேள்வி, அந்தக் குழாய் திறந்திருக்குமா என்பதுதான்.

அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் தொடையில் குத்த முடியாது. அதற்காகத்தான் டாப்ளர். ஊசி இல்லை, குழாய் இல்லை. என் தொழிற்சாலைக் கருவிக்கு இது தூரத்து உறவு. அதே காதுக்குக் கேட்காத ஒலிதான். கிரீஸுக்குப் பதில் குளிர்ந்த ஜெல்லி. ஒரே வித்தியாசம், இரும்புக்குள் எதுவும் நகராது. குழாய்க்குள் ரத்தம் ஓடுகிறது. ஓடுகிற ரத்த அணுக்கள் மேல் மோதித் திரும்பும் ஒலியின் சுருதி மாறிவிடும். எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து ரத்தத்தின் வேகத்தைக் கணக்கிட்டுத் திரையில் எண்ணாகக் காட்டுகிறது கருவி. நாமும் கேட்கும்படி அதை ஒரு சத்தமாகவும் ஒலிக்கிறது. திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் அல்ல. கருவியை நோக்கி வருவது ஒரு நிறம், விலகிப் போவது இன்னொரு நிறம்.

முதல் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பர்தா போட்ட அம்மா. கணவருக்குச் சர்க்கரை நோய். கால் ஸ்கேனுக்காக உள்ளே போயிருந்தார்.

"ஏம்மா, ஊசி கீசி உண்டா?"

"இல்லக்கா. ஜெல்லி தடவி, மேல வச்சுப் பாப்பாங்க. அவ்ளோதான்."

"தடவறதுக்கா இத்தன துட்டு? அரே, நானே தடவிருப்பேனே."

என் அம்மா சிரித்துவிட்டார். மாத்திரை தொடங்கிய பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

உள்ளே, இடது கையில் கருவியை வைத்தபோது சத்தம் மிக மெதுவாக, நனைந்த துணியை உதறுவதுபோல வந்தது. திரையில் அலை தட்டையாக இருந்தது, எண் சிறியது. ஸ்கேன் டாக்டர் பொறுமையானவர். "மேலே அடைப்பு இருக்கில்ல, அதனால இங்க வேகமே இல்ல," என்று விளக்கினார். இடது கழுத்தில் சத்தம் நன்றாக இருந்தது. எண் கையில் கண்டதைவிடப் பல மடங்கு. நான் இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டேன். கை: அடைப்பு, வேகம் குறைவு. கழுத்து: திறந்திருக்கிறது, வேகம் அதிகம்.

அதன் பிறகு மாத்திரை மாதங்கள். ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குகிறது. கூடவே பசியையும் கிளப்பிவிடுகிறது. முகம் வட்டமாக உப்பிவிட்டது. கண்ணாடியில் என் தாடையை நான் தேடினேன். தெருவில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எதிர்வீட்டு பிலோமினா ஆன்ட்டி, "இப்பத்தான்டி ஜெசி நீ பாக்க லட்சணமா இருக்க. முன்ன கொக்கு மாதிரி இருப்ப," என்றார். நான் நன்றி சொன்னேன்.

இரண்டாம் ஸ்கேன் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று இருந்தது பயிற்சியில் இருந்த ஒரு இளம் டாக்டர். மூச்சை அடக்கச் சொல்லிக் கன்னடத்தில் "உசிரு ஹிட்கொள்ளி" என்றதைத் தவிர ஸ்கேன் முடியும்வரை வேறு எதுவும் பேசவில்லை. நான் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். இடது கழுத்தின் சத்தம் போன முறையைவிடக் கூர்மையாக, கிட்டத்தட்ட விசிலடிப்பதுபோல் வந்தது. அலை திரையின் உச்சியைத் தொட்டது. எண் போன முறையைப்போல் இரண்டு மடங்கு.

"எப்டி இருக்கு டாக்டர்?"

"ரிப்போர்ட் உங்க டாக்டருக்குப் போவும். அவங்க சொல்வாங்க."

எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடமும் அண்ணனிடமும் நானே சொன்னேன். "வேகம் ரெண்டு மடங்கு ஆயிருக்கு. ரத்தம் நல்லா ஓடுது. மருந்து வேலை செய்யுது."

அண்ணன், "நெஜமாவா? அந்த டாக்டர் சொன்னாரா?" என்றார்.

"நானே பாத்தேன். இது என் தொழில்ணா."

அம்மா முந்தானையால் என் கழுத்தில் ஒட்டியிருந்த ஜெல்லியைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் பகுதியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விவேக் நகரில் வியாழக்கிழமை என்றால் இயேசு கோயில் நாள். நகரம் முழுவதிலிருந்தும் எல்லா மதத்தவரும் வருவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அதைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். வேண்டியது கிடைத்தவர்கள் நன்றிக் கடிதம் எழுதுவார்கள். சிலவற்றைப் பூசைக்கு முன்னால் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். பெயர் சொல்வதில்லை.

அந்த வியாழன் மாலை தமிழ்ப் பூசையில், மூன்றாவது பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலை கிடைத்தவர், குழந்தை பிறந்தவர் என்று வாசித்துக்கொண்டே வந்தார் பங்குச் சாமியார். பிறகு: "கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்ட என் மகளுக்கு ஸ்கேனில் ரத்தம் இரண்டு மடங்கு நன்றாக ஓடுகிறது. நன்றி இயேசுவே. விவேக் நகரைச் சேர்ந்த ஒரு தாய்."

எங்கள் பெஞ்சும் பின் பெஞ்சும் மொத்தமாக என் பக்கம் திரும்பின. அம்மா நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

மறுநாள் டாக்டரைப் பார்க்கும் நாள். அம்மா பிளாஸ்க்கோடு வராந்தாவில் உட்கார்ந்துகொள்ள, அண்ணனும் நானும் உள்ளே போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ஜெசிந்தா, இடது கழுத்துல குறுக்கம் ஜாஸ்தியாயிருக்கு. பாதி வழி போயிடுச்சு."

"இல்ல டாக்டர், வேகம் ரெண்டு மடங்கு ஆயிருக்கு. நான் பாத்தேன்."

"அதத்தான் சொல்றேன். தோட்டத்துக்குத் தண்ணி விடற ரப்பர் பைப்ப விரலால அமுக்கினா என்ன ஆகும்?"

பதில் எனக்குத் தெரிந்ததுதான். குறுகிய இடத்தில் திரவம் வேகமெடுக்கும் என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம்; பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அடைப்புக்குள்ளே வேகம் கூடும். அடைப்பைத் தாண்டிய பிறகு குறையும். கையில் பார்த்தது தாண்டிய பிறகு உள்ள இடம். கழுத்தில் பார்த்தது அடைப்பின் உள்ளேயே. உயரமான முனை என்றால் நல்ல இரும்பு என்று பழகிய கண் எனக்கு.

வெளியே வந்ததும் அம்மா பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார். "டீ குடிக்கிறியா?"

"அம்மா, நான் சொன்னது தப்பு. குறுகியிருக்கு."

"நல்லா ஓடுதுன்ன."

"வேகமா ஓடுது. வழி சின்னதானதால வேகம்."

அம்மா மூடியைத் திரும்ப மூடினார். "அப்போ நேத்து படிச்சது?"

"விடும்மா," என்றார் அண்ணன். "பேரு சொல்லலயே. வேற யாரோன்னு நெனச்சுக்குவாங்க."

"ரெண்டு பெஞ்சு ஆளுங்க திரும்பி இவளயே பாத்தாங்க. வேற யாரோவாம்."

"போய்ச் சொல்லி வாபஸ் வாங்கிடலாமா?" என்று நான் கேட்டேன். நிஜமாகத்தான் கேட்டேன். தப்பான ரிப்போர்ட் போய்விட்டால் எங்கள் பிரிவில் திரும்பப் பெற்றுக்கொள்வோம்.

"நன்றின்னு சொன்னத வாபஸ் வாங்குறதா?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "கடையில வாங்கின பொடவயா அது, புடிக்கலன்னு திருப்பித் தர?"

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். கை நாளத்தின் வழியாக அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்ற வேண்டும். வாரம் ஒரு முறை சாப்பிடும் இன்னொரு மருந்தும் தொடங்க வேண்டும். துணிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது பிலோமினா ஆன்ட்டி ஒரு தட்டில் ரவா கேக்கோடு வந்தார்.

"வியாழக்கெழம கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு ஜெசி. ஆமா, பை எதுக்கு? எங்கயாச்சும் டூரா?"

"செக்கப்பு," என்றார் அம்மா.

"நல்லானதுக்கு அப்புறமும் செக்கப்பா?"

"இல்ல ஆன்ட்டி," என்றேன். "நல்லாகல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். முன்னவிட மோசமா இருக்கு."

ஆன்ட்டி தட்டோடு நின்றார். கீழே வைப்பதா, எடுத்துக்கொண்டு போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாதான் போய்த் தட்டை வாங்கிக்கொண்டார். "குடு பிலோ. அங்க சாப்பிடுவா," என்றார்.

அவர் போன பிறகு, "கேக்கறவங்களுக்கெல்லாம் ரிப்போர்ட்ட படிச்சுக் காட்டணுமா?" என்றார் அம்மா.

"பொய் சொல்ல வரலம்மா."

"உன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா? வாய மூடிட்டு இருன்னுதான்."

பெண்கள் வார்டில் என் கட்டில் ஜன்னல் ஓரம். காலையில் மருந்துப் புட்டியைத் தொங்கவிட்டால் மதியம் வரை இறங்கும். வாயில் உலோகச் சுவை. அடிக்கடி விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும். ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்றும் பார்ப்பார்கள். வேகமாக இறங்கினால் உடம்பில் எங்கோ வீக்கம் இருக்கிறது என்று பொருள். எங்கே என்று அது சொல்லாது. உப்பில்லாத கஞ்சி. அண்ணன் டூட்டி மாற்றிக்கொண்டு மாலையில் வருவார். அன்று பஸ்ஸில் யார் யார் டிக்கெட் வாங்காமல் ஏமாற்றினார்கள் என்று சொல்வார். அம்மா பகலெல்லாம் நாற்காலியில். என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், கழுத்தைத்தான் பார்ப்பார். தூங்குகிறேன் என்று நினைத்தால் கிட்டே வந்து பார்ப்பார்.

நான் அங்கே செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. எனக்குப் பழக்கமானது விரிசலைக் கண்டுபிடிப்பது, வட்டம் போடுவது, அனுப்பிவிடுவது. இங்கே கண்டுபிடித்தாகிவிட்டது. அனுப்புவதற்கு இடமில்லை. மருந்து புட்டியிலிருந்து சொட்டுவதை மட்டும் பார்க்கலாம். அது உள்ளே போய் என்ன செய்கிறது, எதுவும் செய்கிறதா என்பதைப் பார்க்க முடியாது. கழுத்தில் வலி கூட இல்லை. வலி இருந்திருந்தால் கூடுகிறதா குறைகிறதா என்றாவது தெரிந்திருக்கும்.

ஒருநாள் டாக்டர் வார்டைச் சுற்றி வந்தபோது அம்மா எழுந்து நின்றார். அதுவரை டாக்டரிடம் நேராகப் பேசியதில்லை.

"டாக்டரம்மா, என் கொழாய வெட்டி இவளுக்கு வச்சா ஆகாதா? எனக்கு வயசாச்சு."

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஆபரேஷன் பண்ணலாம்மா. ஆனா இப்போ இல்ல. சுவர் வீங்கி இருக்கறப்போ தையல் நிக்காது. ஈரச் சுவத்துல ஆணி அடிச்ச மாதிரி. முதல்ல அது காயணும்."

"எப்போ காயும்?"

"தெரியாதும்மா."

"காயறதுக்குள்ள அடைஞ்சிடுச்சுன்னா?"

டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்தார். படுத்திருந்த என்னை ஒரு முறை பார்த்தார். அம்மா, "சரி, நீங்க போய் மத்தவங்களப் பாருங்க," என்றார்.

வீடு திரும்பிய பிறகு ஒரு வியாழன் அம்மா மறுபடி காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். வேண்டுதலா நன்றியா என்று அண்ணன் கேட்டார். "ரெண்டும் இல்ல. நெலமய எழுதறேன்," என்றார். அது வாசிக்கப்படவில்லை.

மூன்றாம் ஸ்கேனுக்கு முதலில் இருந்த அதே பொறுமையான டாக்டர் இருந்தார். படுப்பதற்கு முன்பே கேட்டேன்: "டாக்டர், எண் கூடினா கெட்டது. குறைஞ்சா நல்லதுதானே?"

அவர் ஜெல்லிப் புட்டியைக் கீழே வைத்தார். "வழி பெரிசானாலும் வேகம் குறையும். ஆனா முழுசா அடையப்போற நேரத்துலயும் குறையும். அப்போ போறதுக்கே ரத்தம் இருக்காது. நம்பரை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. சுவர், வழி, அலையோட வடிவம், எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கணும்."

இதைப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். திரையில் உள்ள எண்ணை வைத்து வீட்டில் எதுவும் சொல்லாதீர்கள். சந்தோஷமானதையும் சொல்லாதீர்கள், துக்கமானதையும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் அளந்தார்கள், போன முறை அதே இடத்தில் எப்படி இருந்தது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவர் சொல்லும்வரை காத்திருங்கள். காத்திருப்பது கஷ்டம்.

அன்று நான் திரையைப் பார்க்காமல் அறைச் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சத்தத்தை மட்டும் நிறுத்த முடியாது. அவருக்கு அது தேவை. அந்த விசில் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. போன முறையைவிடக் கூர்மையா, மந்தமா என்று என் காது தானாக ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது. என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. அந்தச் சத்தம் என் கழுத்திலிருந்து வருகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று நாள் கழித்து எங்கள் டாக்டர் சொன்னார்: "அப்படியே இருக்கு."

"நல்லதா டாக்டர்?" என்றார் அண்ணன்.

"மோசமாகல."

இப்போதைய நிலை இது. இடது கழுத்தின் ரத்தக்குழாய் பாதி அடைந்திருக்கிறது. மூன்றாம் ஸ்கேனிலும் அதற்குப் பின் எடுத்த ஸ்கேனிலும் அது மாறவில்லை. குறுக்கம் ஏன் கூடியது, ஏன் நின்றது என்பது யாருக்கும் தெரியாது. வேலைக்குத் திரும்பிவிட்டேன், எடை தூக்குவதில்லை. ஸ்டீராய்டைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். குறைக்கும்போது நோய் திரும்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷன் பற்றி இன்னும் முடிவாகவில்லை. அடுத்த ஸ்கேன் மழைக்காலம் முடிந்த பிறகு.